எதை எண்ணுகிறது காப்பீடு? நிகழ்த்துக் கலைஞர்களின் மருத்துவப் பாதுகாப்பும் பறையிசைப்பவரின் வேலைநாளும்

இழவு வீட்டுக்குப் பறையடிக்கச் செல்லும் ஒரு குழுவின் வேலைநாளை எடுத்துக்கொள்வோம். அழைப்பு எந்த நேரத்திலும் வரும். வந்ததும் கிளம்ப வேண்டும். ஆட்டோவிலோ சரக்கு வண்டியின் பின்புறத்திலோ ஏறி ஊர் போய்ச் சேர வேண்டும். தோல் தொய்யும்போதெல்லாம் தீ மூட்டிக் காய்ச்சி, உடல் எடுக்கப்படும்வரை அடித்துக்கொண்டும் ஆடிக்கொண்டும் இருக்க வேண்டும். மறுநாள் காதில் இரைச்சல், மணிக்கட்டில் வீக்கம். கூலி ரொக்கமாகக் குழுத் தலைவரின் கைக்கு வரும். அங்கேயே பங்கு பிரியும். இவ்வளவு உழைப்பும் எந்தப் பதிவேட்டிலும் ஏறுவதில்லை.

கலைஞர்களுக்கு மருத்துவக் காப்பீடு என்ற கோரிக்கை எழும்போதெல்லாம் பேச்சு ‘எத்தனை இலட்சம்’ என்பதில் தொடங்கி அதிலேயே முடிந்துவிடுகிறது. தொகை முக்கியம்தான். ஆனால் அதற்கு முன்னால் இரண்டு கேள்விகள் உள்ளன. ஒரு திட்டம் கலைஞரின் உழைப்பில் எதை எண்ணுகிறது? அதற்கான பணத்தை யாரிடம் கேட்கிறது? இவ்விரண்டுக்கும் உலகில் வெவ்வேறு விடைகள் நடைமுறையில் இருக்கின்றன. அமெரிக்க நடிகர் சங்கங்களின் திட்டங்களையும் ஜெர்மனியின் கலைஞர் நிதியத்தையும் நாம் இங்கு ஒப்பிடுவது, அவற்றை அப்படியே இறக்குமதி செய்வதற்காக அன்று. வேலையளிப்பவர் அன்றாடம் மாறும் ஒரு தொழிலில் காப்பீட்டை எப்படிக் கட்டலாம், அது எங்கே உடையும் என்பதை அவை தெளிவாகக் காட்டுகின்றன.

அமெரிக்காவில் அனைவருக்குமான அரசு மருத்துவம் இல்லை. பெரும்பாலோர் வேலை வழியாகவே காப்பீடு பெறுகிறார்கள். இன்று ஒரு தயாரிப்பாளரிடமும் அடுத்த மாதம் வேறொருவரிடமும் வேலை செய்யும் நடிகருக்கு அப்படி ஒரு நிரந்தர முதலாளி கிடையாது. அதனால் சங்கங்கள் கூட்டுப்பேரத்தின் வழியாகப் பொது நிதியங்களை உருவாக்கின. நடிகருக்குத் தரும் ஊதியத்துக்கு மேல் குறிப்பிட்ட பங்கை ஒவ்வொரு தயாரிப்பாளரும் நிதியத்துக்குச் செலுத்த வேண்டும். அது நடிகரின் கூலியிலிருந்து பிடிக்கப்படுவதன்று. பேச்சுவழக்கில் ‘சங்கக் காப்பீடு’ என்றாலும் நிதியம் சங்கத்தின் சொத்தாகாது. 1947ஆம் ஆண்டின் டாஃப்ட்–ஹார்ட்லி சட்டப்படி, தொழிலாளர் தரப்பும் முதலாளிகள் தரப்பும் சம எண்ணிக்கையில் அமர்ந்து அதை நிர்வகிக்க வேண்டும். இதை நம் மாணவர்கள் குறித்துக்கொள்ள வேண்டும். தகுதி விதிகளை மாற்றும் அறையில் முதலாளிகளும் பாதி இருக்கைகளில் அமர்ந்திருக்கிறார்கள்.

திரை, தொலைக்காட்சி நடிகர்களின் சங்கமான சாக்-ஆஃப்ட்ராவின் மருத்துவத் திட்டம் முதன்மையாக எண்ணுவது வருமானத்தை. ஓராண்டுக் காலத்தில் சங்க ஒப்பந்தங்களின் கீழ் குறிப்பிட்ட தொகையை ஈட்டினால் அடுத்த ஓராண்டுக்குக் காப்பீடு. 2020 வரை அந்த வரம்பு 18,040 டாலர். பெருந்தொற்றுக் காலத்தில், நிதி நெருக்கடியைக் காரணம் காட்டி, 2021 தொடக்கத்திலிருந்து அதை 25,950 டாலராக உயர்த்தினார்கள். படப்பிடிப்புகள் முடங்கிக் கிடந்த நேரத்தில் வரம்பு ஏறியது. 2023 வேலைநிறுத்தத்தின்போது அது 26,470 டாலராக இருந்தது. சங்க உறுப்பினர்களில் ஏறத்தாழ 86 சதவீதத்தினர் அதை எட்டுவதில்லை என்ற கணக்கு அந்தப் போராட்டக் களத்தில் திரும்பத் திரும்பச் சொல்லப்பட்டது.

வருமானத்தை எண்ணுவதன் பொருளை ஒரு சிறு கணக்கு விளக்கும். அந்நாளில் வசனம் பேசி நடிப்பவரின் குறைந்தபட்ச நாட்கூலி 1,082 டாலர். கூட்டத்தில் நிற்கும் துணை நடிகருக்கு 187 டாலர். முன்னவர் 25 நாட்களில் வரம்பைத் தாண்டிவிடுவார். பின்னவர் 142 நாட்கள் நிற்க வேண்டும். ஒரே படப்பிடிப்பு, ஒரே வெயில், ஒரே நேரம். கூலி குறைவாக உள்ளவரே காப்பீட்டுக்காக அதிக நாட்கள் உழைக்க வேண்டியிருக்கிறது. இதற்கு மாற்றாக வேலைநாட்களைக் கொண்டு தகுதி பெறும் வழியும் திட்டத்தில் உண்டு. 2021இல் அது 100 நாட்கள். துணை நடிகர்களுக்கு அந்த வழியே ஓரளவு உதவுகிறது. இருந்தும் ஒருவரே ஆண்டில் நூறு நாட்கள் அழைக்கப்படுவது எளிதன்று.

அதே 2021 மாற்றங்களில் இன்னொன்றும் இருந்தது. நடித்து முடித்த படங்கள் மறுஒளிபரப்பாகும்போது நடிகருக்கு ஒரு தொகை வந்துகொண்டிருக்கும். 65 வயதைக் கடந்து ஓய்வூதியம் பெறும் மூத்த நடிகர்களுக்கு அத்தொகை தகுதிக் கணக்கில் சேர்ந்து வந்தது. அதை நிறுத்தினார்கள். சங்கத்தின் முன்னாள் தலைவரான எட் ஆஸ்னரும் வேறு சிலரும், இது வயதின் பெயரால் செய்யப்படும் பாகுபாடு என்று 2020 டிசம்பரில் வழக்குத் தொடுத்தனர். 2021இல் ஆஸ்னர் இறந்தார். 2023இல் வழக்கு சுமார் 2 கோடி டாலர் மதிப்புள்ள உடன்பாட்டில் முடிந்தது. சங்கத் தலைவராக இருந்தவரே சங்கத்தின் பெயரைத் தாங்கிய நிதியத்தின்மீது வழக்குப் போட வேண்டியிருந்தது.

மேடை நடிகர்களின் சங்கமான ஈக்விட்டி வேறு அளவுகோலைக் கொண்டது. நாடக அரங்க முதலாளிகளோடு சேர்ந்து நடத்தப்படும் அதன் நிதியம் பணத்தை எண்ணுவதில்லை, வாரங்களை எண்ணுகிறது. நட்சத்திரத்தின் ஒரு வாரமும் பின்வரிசைப் பாடகரின் ஒரு வாரமும் அங்கு ஒன்றே. நமக்கு இந்த முறை கொள்கையளவில் நெருக்கமானது. ஆனால் இதுவும் பெருந்தொற்றில் உடைந்தது. 2020 மார்ச்சில் பிராட்வே அரங்குகள் மூடப்பட்டன; வாரந்தோறும் வந்துகொண்டிருந்த முதலாளிகளின் பங்கு நின்றது. ஆறு மாதக் காப்பீட்டுக்கு அதுவரை 11 வாரங்கள் வேலை போதும். 2021 தொடக்கத்திலிருந்து, ஏறத்தாழ அதே தரமான காப்பீட்டுக்கு 16 வாரங்கள் என்றாக்கினார்கள். ஒரு வாரம்கூட வேலை இல்லாத நேரத்தில் எந்த நடிகர் பதினாறு வாரங்களைத் தேடுவார்?

பணமானாலும் வாரமானாலும், இவ்வகைத் திட்டங்களின் அடிப்படைக் குறை ஒன்றே. நோயுற்றவரால் வேலை செய்ய இயலாது. வேலை செய்யாதவர் தகுதி இழப்பார். கருவுற்ற நடனக் கலைஞருக்கும் இதே நிலைதான். சிகிச்சை மிகவும் தேவைப்படும் நேரத்தை ஒட்டியே காப்பீடு நழுவத் தொடங்குகிறது. கரகாட்டம் ஆடும் பெண்களைப் பற்றி யோசிக்கும் எவருக்கும் இதை விளக்கத் தேவையில்லை.

இன்னொரு சிக்கலும் உண்டு, நம் தளத்தின் வாசகர்கள் உடனே உணரக்கூடியது. சங்கம் வழியாகக் காப்பீடு என்றால், சங்கத்துக்குள் யார் என்ற கேள்வி முன்வந்து நிற்கும். அமெரிக்க இசைக்கலைஞர் கூட்டமைப்பு பல நகரங்களில் வெள்ளையருக்கு ஒரு கிளை, கறுப்பினத்தவருக்கு ஒரு கிளை என்று தனித்தனியே வைத்திருந்தது. சிகாகோவில் கறுப்பு இசைக்கலைஞர்களின் 208ஆம் எண் கிளை 1902இல் தொடங்கியது. வெள்ளையர் கிளையோடு அது இணைந்தது 1966இல்தான். லாஸ் ஏஞ்சலிஸில் 767ஆம் கிளை 1953இல் இணைந்தது. அதற்காக உழைத்தவர்களில் ஜாஸ் கலைஞர் படி காலெட் முக்கியமானவர். ஹாலிவுட் படப்பிடிப்பு நிலையங்களின் நல்ல கூலி வேலைகள் வெள்ளையர் கிளையின் வழியே போய்க்கொண்டிருந்தன. வேலை எந்த வழியில் போகிறதோ அந்த வழியிலேயே நலப் பயன்களும் போகும். ஊருக்கும் சேரிக்கும் தனித் தேநீர்க் குவளை வைத்த சமூகத்தில் கலைஞர் சங்கங்கள் மட்டும் தாமாகச் சமத்துவமாகிவிடும் என்று நாம் நம்ப இயலாது.

ஜெர்மனியின் வழி வேறு. அங்கே ‘கலைஞர் சமூக நிதியம்’ என்ற அமைப்பு 1981ஆம் ஆண்டுச் சட்டத்தால் உருவாகி 1983 முதல் இயங்குகிறது. ஒருவரிடம் மாதச் சம்பளத்துக்கு இல்லாமல் தாமாகத் தொழில் செய்யும் கலைஞர்கள், எழுத்தாளர்கள் இதில் சேரலாம். ஆண்டுக்கு 3,900 யூரோ கலையால் ஈட்டினால் போதும். தொழிலுக்குப் புதியவர்களுக்கு முதல் மூன்று ஆண்டுகள் அந்த வரம்பும் இல்லை. மருத்துவம், முதுமைக்காலப் பராமரிப்பு, ஓய்வூதியம் மூன்றுக்குமான சந்தாவில் பாதியைக் கலைஞர் கட்டுகிறார். மீதியில் 20 சதவீதம் அரசின் வரிப்பணம். எஞ்சிய 30 சதவீதம் கலையைப் பயன்படுத்துவோரிடமிருந்து வருகிறது: பதிப்பகங்கள், அரங்குகள், விளம்பர நிறுவனங்கள், நிகழ்ச்சி நடத்துவோர். கலைஞர்களுக்கு ஓராண்டில் கொடுத்த மொத்தத் தொகையின்மீது அவர்கள் ஒரு தீர்வை செலுத்த வேண்டும். 2023 முதல் 2025 வரை அது 5 சதவீதம்.

இதில் நாம் ஊன்றிக் கவனிக்க வேண்டிய ஒரு விதி இருக்கிறது. பணம் பெற்ற கலைஞர் நிதியத்தின் உறுப்பினரா இல்லையா என்பது தீர்வைக்குப் பொருட்டன்று. எவருக்குக் கொடுத்திருந்தாலும் கட்ட வேண்டும். ஆகவே உறுப்பினர் அல்லாதவரை அழைத்துச் செலவை மிச்சப்படுத்தும் தந்திரம் அங்கே செல்லாது. ஒரே முதலாளி இல்லாத தொழிலில், பயன்படுத்துகிற அனைவரையும் சேர்த்து ஒரு முதலாளியாகச் சட்டம் கருதிக்கொள்கிறது.

குறையே இல்லையா? இருக்கிறது. யார் கலைஞர் என்பதை நிதியம் தீர்மானிக்கிறது, அதன்பிறகு நீதிமன்றம். பச்சை குத்துபவர் கலைஞரா என்ற வழக்கில் அந்நாட்டின் சமூகப் பாதுகாப்பு வழக்குகளுக்கான உச்ச நிலை நீதிமன்றம் 2007இல், அது கைத்தொழில், கலை அன்று என்று தீர்ப்பளித்தது. கலைக்கும் கைத்தொழிலுக்கும் இடையில் கோடு கிழிப்பது அங்கே ஒரு நிர்வாகச் சிக்கல். கலைக்கும் ‘சாதித் தொழிலுக்கும்’ இடையில் இங்கே கிழிக்கப்படும் கோடு அதைவிடக் கொடியது.

தமிழ்நாட்டுக்கு வருவோம். ஒழுங்கமைந்த தொழிலாளருக்கான மருத்துவக் காப்பீட்டின் அடித்தளம், அண்ணல் அம்பேத்கர் வைசிராய் நிர்வாகக் குழுவில் தொழிலாளர் துறையை ஏற்றிருந்த 1942–46 காலத்தில் இடப்பட்டது. பேராசிரியர் அடார்க்கரின் அறிக்கை 1944இல் வந்தது, தொழிலாளர் அரசுக் காப்பீட்டுச் சட்டம் 1948இல் நிறைவேறியது. இன்றும் அதுவே நம்மிடம் உள்ள முழுமையான திட்டம். முதலாளி 3.25 சதவீதம், தொழிலாளி 0.75 சதவீதம் செலுத்த, புறநோயாளிச் சிகிச்சை, மருந்து, மருத்துவமனை அனைத்தும் கிடைக்கின்றன. நோயால் வேலைக்குப் போகாத நாட்களுக்கு, ஆண்டில் 91 நாட்கள் வரை, ஊதியத்தில் 70 சதவீதமும் கிடைக்கிறது. ஆனால் அது ‘நிறுவனம்’ என்ற ஒன்றைக் கேட்கிறது. இழவு வீடு நிறுவனம் அன்று. அம்மன் கோயில் கொடையும் அன்று.

திரைத்துறையில் மட்டும் கலைஞரைத் தொழிலாளராக ஏற்கும் சட்டம் உண்டு. 1981இல் திரைத் தொழிலாளர் நல நிதிச் சட்டம் வந்தது. 2020இன் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு அதைத் தன்னுள் அடக்கிக்கொண்டது. அதே ஆண்டின் பணியிடப் பாதுகாப்புத் தொகுப்பில் ‘ஒலி-ஒளித் தொழிலாளர்’ என்ற வகை இருக்கிறது. நடிகர், இசைஞர், ஆடுநர் அதில் அடங்குவர். விளைவைப் பாருங்கள். ஒரு பறைக் குழு கேமராவுக்கு முன் இழவுக் காட்சியில் அடித்தால் சட்டத்தின் கண்ணில் தொழிலாளர். மெய்யான இழவு வீட்டில் அடித்தால் எவருமில்லை.

எஞ்சியவை இரண்டு. முதலாவது, 2007இல் அமைக்கப்பட்ட நாட்டுப்புறக் கலைஞர்கள் நல வாரியம். உறுப்பினர் அட்டை, குழந்தைகளின் கல்விக்கு உதவி, திருமணம், மகப்பேறு, கண்ணாடி, விபத்து, இறப்பு ஆகியவற்றுக்கான உதவித்தொகைகள் என அதன் பயன்கள் அமைந்துள்ளன. இவை நிவாரணங்கள். ஒரு நிகழ்வு நடந்த பின் மனுப்போட்டுப் பெறும் தொகைகள். சிகிச்சைக்கான தொடர்ச்சியான உரிமையை இவை தருவதில்லை. இரண்டாவது, முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம். 2009 ஜூலையில் கலைஞர் காப்பீட்டுத் திட்டமாகத் தொடங்கியபோது நல வாரிய உறுப்பினர்களையும் அது பயனாளிகளாக ஏற்றது. 2012இல் இன்றைய பெயரைப் பெற்றது. 2018இல் ஒன்றிய அரசின் திட்டத்தோடு இணைந்து குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 இலட்சம் ரூபாய் வரை என்றானது. குடும்ப ஆண்டு வருமான வரம்பு 72,000 ரூபாயாக இருந்து 2022 முதல் 1,20,000 ரூபாயாக உயர்ந்தது.

இந்தத் திட்டம் பல உயிர்களைக் காத்திருக்கிறது. அதை மறுப்பது நேர்மையாகாது. அமெரிக்கத் துணை நடிகர் பொறாமைப்படக்கூடிய ஒன்றும் இதில் உண்டு: எத்தனை நாள் வேலை செய்தாய் என்று கேட்பதில்லை. ஆனால் அது எண்ணுவது வறுமையை. மாதம் பத்தாயிரம் ரூபாய்க்குமேல் ஈட்டும் குடும்பம் வெளியே நிற்கும். கலைஞருக்கு வருமானம் மாசியிலிருந்து ஆடி வரை ஒரு மாதிரியும் மழைக்காலத்தில் வேறு மாதிரியும் இருக்கும். வருமானச் சான்றிதழில் அதற்கு இடமில்லை. மேலும் இது பெரும்பாலும் மருத்துவமனையில் சேர்ந்து பெறும் சிகிச்சைக்கானது. பல்லாண்டு பேரோசையால் மெல்ல மங்கும் செவி, கூத்துக் கலைஞரின் தொண்டைப் புண், தவிலும் பறையும் அடிப்பவர்களின் தோள் வலி: இவற்றுக்குப் பரிசோதனையும் மருந்தும் ஓய்வும்தான் தேவை, அறுவைச் சிகிச்சை அன்று. ஓய்வெடுத்தால் கூலி போகும். அந்தக் கூலியிழப்புக்கு இத்திட்டத்தில் ஒரு ரூபாயும் இல்லை. ஜெர்மன் நிதியத்தில் சேர்ந்த கலைஞருக்கு ஏழாவது வாரத்திலிருந்தேனும் நோய்க்கால உதவித்தொகை உண்டு.

பறையடித்தலை ‘வேலை’ என்று பதிவு செய்யச் சொல்வதில் ஓர் ஆபத்து உள்ளது. அதைத் தயங்காமல் பேச வேண்டும். சாவுக்குப் பறையடிப்பது நம் மக்கள்மீது சுமத்தப்பட்ட இழிவு என்று சொல்லி அதை மறுத்து எழுந்த போராட்டங்களின் வரலாறு தமிழ்நாட்டில் நீண்டது. அடிக்க மறுத்ததற்காகத் தாக்கப்பட்டவர்களும் ஊர்விலக்கம் செய்யப்பட்டவர்களும் உண்டு. அரசியலமைப்பின் 23ஆம் பிரிவு கட்டாய உழைப்பைத் தடை செய்கிறது. வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் அதைக் குற்றமாக்குகிறது. அப்படியிருக்க, அதே செயலை அரசுப் பதிவேட்டில் ஏற்றி அட்டையும் கொடுத்தால், சாதித் தொழிலுக்கு முத்திரை குத்தியதாகாதா என்று தோழர்கள் கேட்பது நியாயமே.

மறுபுறம், பறையை விடுதலையின் இசையாக மீட்டெடுத்தவர்களும் நம்மவரே. மதுரை மாவட்டத்தின் வேலு ஆசானுக்கு 2025இல் பத்மஸ்ரீ வழங்கப்பட்டது. கல்லூரி மாணவிகள் பறை கற்கிறார்கள். ஆனால் மேடையில் அடித்தால் கலை, தெருவில் அடித்தால் இழிவு என்ற பிரிவினையின் பலன் மேடை ஏறியவரையே சேர்கிறது. தெருவில் அடிப்பவரின் காது அதே அளவில்தான் கெடுகிறது.

நம் நிலைப்பாடு இது. பதிவு, சாதியின் பெயராலோ ஊர்க் கடமையின் பெயராலோ இருக்கக் கூடாது. கூலிக்கு ஒப்பி நிகழ்த்திய ஒவ்வொரு நிகழ்வின் பெயரால் இருக்க வேண்டும். கூலி இல்லாமலோ, மறுக்க இயலாத நிலையிலோ நடந்தது என்றால் அது காப்பீட்டு அலுவலகத்துக்குப் போக வேண்டிய செய்தி அன்று, காவல் நிலையத்துக்குப் போக வேண்டிய புகார். ஒருவர் பறையை முற்றிலும் கைவிட்டு வேறு வேலைக்குப் போனாலும், அடித்த ஆண்டுகளில் கெட்ட செவிக்கான சிகிச்சை உரிமை அவரோடு போக வேண்டும். விட்டு வெளியேறுபவரைத் தண்டிக்கும் எந்தக் காப்பீடும் அவரைப் பழைய தொழிலிலேயே கட்டிப்போடும்.

பணத்துக்கு வழி? பயன்படுத்துவோர் தீர்வை நமக்குப் புதிதன்று. 1996ஆம் ஆண்டுச் சட்டம் கொண்டுவந்த முறைப்படி கட்டுமானச் செலவில் ஒரு சதவீதம் கட்டடத் தொழிலாளர் நலனுக்கு வசூலாகிறது. கொத்தனாருக்கும் ஒரே முதலாளி கிடையாது. அவருக்குச் சட்டம் வழி கண்டது. கர்நாடகம் 2024இல் திரை மற்றும் பண்பாட்டுக் கலைஞர் நலச் சட்டம் இயற்றி, திரையரங்கு நுழைவுச்சீட்டு உள்ளிட்ட வருவாயில் 1 முதல் 2 சதவீதம் வரை தீர்வை விதிக்க வகை செய்தது. தமிழ்நாட்டில் நாட்டுப்புறக் கலைஞர்களை அழைப்போரில் கணக்கு வைத்திருப்பவர்கள் குறைவல்லர்: அரசு விழாக்கள், அறநிலையத் துறைக் கோயில்கள், அரசியல் கட்சிகள், திரைப்பட நிறுவனங்கள், பல்கலைக்கழகங்கள். ஒரு கோயில் திருவிழாவில் கலைக்குழுக்களுக்கு ஓர் இலட்சம் ரூபாய் செலவானால், 5 சதவீதத் தீர்வை ஐயாயிரம் ரூபாய். வாணவேடிக்கைச் செலவோடு ஒப்பிட்டால் அது கண்ணில் படாத தொகை. இறப்பு நிகழ்ந்த ஏழை வீட்டில் தீர்வை கேட்கத் தேவையே இல்லை. பெரிய அமைப்புகளின் பங்கிலிருந்து அந்த நாட்களுக்கும் ஈடு செய்யலாம். ஜெர்மனியில் அரசு தரும் 20 சதவீதம் அத்தகைய இடைவெளிக்கே.

அளவுகோலைப் பொறுத்தவரை, மூன்றில் நாம் தேர்ந்தெடுப்பது நாட்களை. வருமானத்தை எண்ணினால் நகரத்து மேடைக் குழு முன்னே போய்விடும். வறுமையை எண்ணினால் சற்றே முன்னேறியவர் வெளியேற்றப்படுவார். ஆனால் ஈக்விட்டி நிதியத்துக்கு நேர்ந்ததை மனத்தில் கொண்டு, பெருந்தொற்றோ புயலோ தேர்தல் நடத்தை விதிகளோ நிகழ்ச்சிகளை முடக்கும் மாதங்களை எண்ணிக்கையிலிருந்து விலக்கும் விதி தொடக்கத்திலேயே எழுதப்பட வேண்டும். நோயும் மகப்பேறும் அதே விலக்கில் சேர வேண்டும். தகுதியை மாற்றும் அதிகாரம் உள்ள குழுவில் பாதிக்குக் குறையாமல் கலைஞர்கள் இருக்க வேண்டும். அவர்களில் பட்டியல் சாதியினருக்கும் பெண்களுக்கும் இடம் உறுதி செய்யப்பட வேண்டும்.

இதற்கெல்லாம் முன்பாகச் செய்யக்கூடியது ஒன்று உண்டு. நாட்களை எண்ணச் சொல்லும் நம்மிடம் நாட்களின் கணக்கு இல்லை. ஒரு வட்டத்தில் உள்ள பறை, கரகம், கூத்துக் குழுக்களைக் கல்லூரி மாணவர்கள் பங்கிட்டுக்கொண்டு மூன்று மாதங்கள் ஒரு நோட்டுப் புத்தகம் பேணலாம். தேதி, ஊர், சென்றவர்கள் எத்தனை பேர், எத்தனை மணி நேரம், போன வண்டி, கூலி, அந்த மாதத்தில் யாருக்கு என்ன நோய், எவ்வளவு செலவு, எத்தனை நாள் கூலி போனது. அழைத்தது தனி வீடா, கோயிலா, கட்சியா, அரசுத் துறையா என்பதற்குத் தனிப் பத்தி போட வேண்டும். தீர்வை யாரிடம் கேட்கலாம் என்பது அந்தப் பத்தியிலிருந்துதான் தெரியவரும். ஒப்பந்தமோ ரசீதோ இல்லாத இடங்களில் அழைத்தவரின் பெயரையும், அச்சாரம் வந்த தேதியையும் குழுத் தலைவரிடம் கேட்டு எழுதிக்கொண்டால் போதும்.